சத்தம் கேட்காத இரண்டு வளைவுகள்

இலாரியோன் கலிசாயாவை எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவனும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பான். வேறு ஆளாக இருந்தால் நாலு பேரோடு சண்டை போட்டு அந்தப் பெயரை ஒழித்திருப்பான். இவனுக்குக் கோபம் வருவதற்கே அரை நாள் ஆகும். அதற்குள் சண்டைக்காரன் லா பாஸ் போய்ச் சேர்ந்திருப்பான்.

நான் பேத்ரொனா, ஆரஞ்சு வியாபாரி. யுங்காஸ் மலைச் சரிவில் இருக்கிற எங்கள் சான் இசித்ரோவிலிருந்து லா பாஸ் சந்தைக்கு முப்பது வருடம் சரக்கு ஏற்றியிருக்கிறேன். அதில் இருபத்திரண்டு வருடம் இலாரியோனின் லாரியில். வேகமாகப் போகிற லாரிகள் இல்லாமல் இல்லை. அவர்களிடம் கொடுத்த சரக்கு ஒரு நாள் சந்தைக்குப் போகும், ஒரு நாள் பள்ளத்துக்குப் போகும். எனக்குப் பொறுமை கிடையாது, வாயும் சும்மா இருக்காது. ஆனாலும் உயிர் மேல் ஆசை உண்டு. அதனால் இவன் வண்டியில் ஏறி வழியெல்லாம் இவனைத் திட்டிக்கொண்டே போவது என் வழக்கமாகிவிட்டது.

நான் சொல்வது தார்ச்சாலை வருவதற்கு முந்தைய காலம். மேலே சுஸ்பிபாத்தாவிலிருந்து கீழே யோலோசா வரை மண் பாதைதான். ஒரு லாரி போகலாம், அதற்குமேல் ஒரு முழம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். இறங்கும்போது வலது பக்கம் மலை, இடது பக்கம் ஒன்றும் கிடையாது. நாடு முழுக்க வண்டிகள் வலது பக்கம் போகும். அந்தப் பாதையில் மட்டும் இடது பக்கம் போவார்கள். ஓட்டுகிறவன் இடது ஜன்னலில் தலையை நீட்டி, விளிம்பில் உருளுகிற சக்கரத்தைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படி. இறங்குகிறவன் விளிம்போரம், ஏறுகிறவன் மலையோரம். இரண்டும் நேருக்கு நேர் வந்துவிட்டால் இறங்குகிறவன்தான் பின்னாலேயே போய் அகலமான இடத்தில் ஒதுங்க வேண்டும். சட்டத்தை மதிக்காதவர்கள்கூட இதை மதித்தார்கள். பள்ளம் பக்கத்திலேயே இருந்தது அல்லவா.

இலாரியோன் எங்கள் ஊர்க்காரன் இல்லை. மேட்டுச் சமவெளியில் உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதுவும் முளைக்காத ஏதோ ஒரு ஊரில் பிறந்தவன். இருபது வயதில் எங்கள் பாதையில் மண் சரிவை அள்ளிப்போடுகிற கூலி வேலைக்கு வந்தான். மண் அள்ளுவது மட்டுமா வேலை? வண்டி உருண்டால் கயிறு கட்டி இறங்கி, உயிரோடு இருக்கிறவர்களையும் இல்லாதவர்களையும் மேலே கொண்டுவருவதும் அவர்கள்தான். ஒன்பது வருடம் அதைச் செய்துவிட்டுத்தான் ஓட்டுநர் உரிமம் வாங்கினான். விழுந்தவர்கள் பாதை தெரியாதவர்களா என்று ஒரு தடவை கேட்டேன். அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "தெரியாதவன் ஒருத்தன்கூட விழலக்கா. மனப்பாடமா தெரிஞ்சவன்தான் விழுந்தான்" என்றான்.

மூடுபனி இறங்கிவிட்டால் அவன் முறைகளைப் பார்க்க வேண்டும். முதலில் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பச்சை உருளைக்கிழங்கை எடுத்துப் பாதியாக வெட்டிக் கண்ணாடி முழுக்கத் தேய்ப்பான். ஈரம் ஒட்டாமல் வழிந்துவிடும். பிறகு முன்விளக்குகளின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டி, வெளிச்சத்தைத் தரையைப் பார்த்து இறக்குவான். நேராக அடித்தால் பனி வெள்ளைச் சுவராகத் திரும்பி முகத்தில் அடிக்கும் என்பான். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போகவே மாட்டான். அவன் போகிற இடத்துக்கெல்லாம் நான் போக முடியுமா என்று கேட்பான். எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்குள் நிற்க முடிகிற வேகம்தான் அவனுக்கு வேகம். நாலு அடி தெரிந்தால் நாலு அடிக்கான வேகம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் லாரியை நிறுத்தி எஞ்சினையே அணைத்துவிடுவான். மூன்று தடவை ஹாரன் அடிப்பான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் முப்பது வரை எண்ணுவான். பதில் சத்தம் ஏதும் வரவில்லை என்றால்தான் மறுபடி எஞ்சினைக் கிளப்புவான். பனியில் கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை, நம் எஞ்சின் சத்தத்தில் அடுத்தவன் சத்தம் எப்படிக் கேட்கும் என்பது அவன் கட்சி. பின்னால் பத்து வண்டி வரிசை கட்டி நின்று அவன் பரம்பரையையே ஏசுவார்கள். அவன் இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று எண்ணிக்கொண்டிருப்பான்.

ஓட்டுவதில் மட்டும் நத்தையாக இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். யோலோசாவில் லெயோகாதியா என்று ஒருத்தி மீன் வறுத்து விற்றாள். இவன் ஆறு வருடம் அவள் கடையில் மீன் தின்றான். ஆறு வருடத்தில் அவளிடம் பேசியது "இன்னொண்ணு குடுங்க" என்பதும் "உப்பு இருக்கா" என்பதும்தான். ஐம்பதை நெருங்குகிற ஆள், பெண்டாட்டி பிள்ளை கிடையாது, குடிக்கிற பழக்கமும் கிடையாது. அவளும் விதவை. இரண்டு பேரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். கடைசியில் பொறுக்க முடியாமல் நானே போய்ப் பெண் கேட்டேன்.

லெயோகாதியா மீனைத் திருப்பிப் போட்டபடியே கேட்டுக்கொண்டாள். அவள் முதல் புருஷன் ஃபெர்மின் எங்கள் பக்கத்திலேயே வேகமான ஓட்டுநர். ஒரு மத்தியானம் கால்பந்து ஆட்டம் தொடங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று மூடுபனியில் விரட்டிக்கொண்டு வந்தவன் வந்து சேரவில்லை. அவனை மேலே தூக்கியவர்களில் இலாரியோனும் ஒருவன். அது அவளுக்கும் தெரியும்.

"எனக்கு சம்மதம்தான் அக்கா," என்றாள். "ஆனா ஒண்ணு. அவர் மெதுவா வர்ற மனுஷன்னுதான் சம்மதிக்கிறேன். ஒரு நாள் அவசரப்பட்டு வந்தார்னு தெரிஞ்சாலும் அன்னிக்கோட சரி. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

இதென்ன பெரிய நிபந்தனை, நத்தையைப் பார்த்து ஓடாதே என்று சொல்வதா என்று நான் சிரித்தேன். இலாரியோனிடம் வந்து சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

கல்யாணத்துக்கு நான்தான் ஞானத்தாய். எங்கள் பக்கம் ஞானத்தாய் இல்லாமல் கல்யாணமே இல்லை. மோதிரம் வாங்குவது, கேக் வாங்குவது, பேண்டு வாத்தியத்துக்குச் சொல்வது, முடிந்ததும் மணமக்களுக்குப் புத்தி சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. எங்கள் ஊருக்குச் சாமியார் மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் வருவார். கல்யாணத்துக்குக் குறித்த அந்தச் சனிக்கிழமை போனால் அடுத்த தடவை அவர் வரும்போது தவக்காலத்தின் நடுவில் இருப்போம். தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. அப்புறம் ஈஸ்டர் கழிந்துதான் பேச முடியும். மத்தியானம் பன்னிரண்டுக்குக் கல்யாணம். ஒரு மணிக்குச் சாமியார் கிளம்பிவிடுவார், நாலு மணிக்கு மேலே உந்துவாவியில் அவருக்கு ஒரு அடக்கப் பூசை இருந்தது.

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு லா பாஸுக்குப் போனான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சரக்கு ஏற்றுகிற மாப்பிள்ளையை நான் அவனைத் தவிர யாரையும் பார்த்ததில்லை. சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு அங்கிருந்து திரும்பினோம். நாலு மணி நேரப் பாதை. அவன் கணக்கில் ஏழு மணி நேரம். முன்னால் அவனும் நானும், என் மடியில் மூன்றடுக்குக் கேக். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் எட்டு வாத்தியக்காரர்கள், பீர்ப் பெட்டிகள், இரவல் நாற்காலிகள். வாத்தியத் தலைவர் தோன் மாக்சிமோ தன் உடம்பைவிடப் பெரிய ஒரு பித்தளை ஊதுகுழலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தூபா என்பார்கள் அதை. ஊதினால் நெஞ்செலும்பு அதிரும்.

மலை உச்சிக் கணவாயில் வழக்கம்போல் வண்டியை நிறுத்தி நாய்களுக்கு ரொட்டி போட்டோம். பூமித் தாய் பாச்சமாமாவுக்குச் சாராயம் தெளித்து நாலு சக்கரத்தையும் நனைத்தோம். மிச்சத்தை எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் குடிக்க வேண்டும் என்பது முறை. மாப்பிள்ளை கட்டாயம் குடிக்க வேண்டும் என்று மாக்சிமோ கிண்ணத்தை நீட்டினார். இலாரியோன் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, கடைசிச் சொட்டு வரை தரையில் ஊற்றினான்.

"இப்படியே போனா பாச்சமாமா தள்ளாடுவா," என்றார் மாக்சிமோ.

"அவ தள்ளாடினா பரவால்ல," என்றான் இலாரியோன். "அவ வண்டி ஓட்டப் போறதில்ல."

அதற்குள் ஏழு மணி. சுஸ்பிபாத்தா தாண்டியதும் பனி இறங்கியது. வழக்கமாக மத்தியானத்துக்கு மேல் வருகிற பனி அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டது. உருளைக்கிழங்கு, மஞ்சள் தாள், எஞ்சினை அணைப்பது, முப்பது எண்ணுவது எல்லாம் தொடங்கின. நான் வாயைக் கட்டிக்கொண்டு கேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நேரம் இருக்கிறதே என்ற தைரியம்தான்.

எட்டரைக்கு ஒரு திருப்பத்தில் மேலேயிருந்து சேறு சரிந்து பாதையை மூடியிருந்தது. இரண்டு மண்வெட்டிதான் இருந்தது. ஆள் மாற்றி ஆள் அள்ளினோம். வாத்தியக்காரர்கள் புதுச் சட்டையோடு முழங்கால் வரை சேற்றில் நின்றார்கள். முடியும்போது பதினொன்றரை. அதோடு விட்டதா? அடுத்து ஒரு அருவி பாதை மேலேயே கொட்டும், அதற்கு அடியில் நுழைந்து வெளியே வந்தபோது ஹாரனுக்குள் தண்ணீர் போய் அது ஊமையாகிவிட்டது.

ஹாரன் இல்லாமல் வளைவு திரும்ப மாட்டேன் என்று இலாரியோன் இறங்கி நின்றுவிட்டான். கெஞ்சினேன், திட்டினேன். மாக்சிமோதான் வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் அணைந்ததும் அவர் தார்ப்பாயை விலக்கி எழுந்து நின்று தூபாவை மூன்று தடவை ஊதுவார். ஒரு எருமை கிணற்றுக்குள் விழுந்து கத்துவது போல அது பள்ளத்தாக்கு முழுவதும் போய் எதிர் மலையில் மோதித் திரும்பி வரும். பிறகு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணுவோம். முதல் இரண்டு வளைவுக்கு எல்லாரும் சிரித்தார்கள். ஐந்தாவது வளைவில் யாரும் சிரிக்கவில்லை. ஏழாவது வளைவில் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டே முக்கால்.

அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அடுத்த கால் மணியில் சாமியார் வண்டி ஏறிவிடுவார், ஊர் முழுவதும் கோயில் வாசலில் நிற்கிறது, ஒருத்தி கல்யாண உடுப்போடு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆரம்பித்தேன். ஆறு வருடம் மீன் தின்றது போதாதா, ஈஸ்டர் வரைக்கும் தின்னப் போகிறாயா என்று கேட்டேன். இத்தனை நேரமாக ஒரு வண்டியும் எதிரே வரவில்லையே, இந்தப் பனியில் எந்தப் பைத்தியம் ஏறி வரும் என்று கேட்டேன். அவன் கன்னத்தில் அடக்கிய கொக்கா இலையை மென்றுகொண்டிருந்தான். கடைசியாக நான் சொன்ன வார்த்தை எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

"நீ பயந்தாங்கொள்ளி. பனிக்குப் பயப்படல, கல்யாணத்துக்குப் பயப்படற. ஏன்டா இந்த வேஷம்?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். காது சிவந்துபோயிருந்தது. அரை நாள் ஆகும் என்று சொன்னேனே, அந்தக் கோபம் அன்றைக்கு அரை நிமிடத்தில் வந்தது. எஞ்சினைக் கிளப்பினான். எட்டாவது வளைவு வந்தது, நிற்கவில்லை. தலையை வெளியே நீட்டியபடியே திருப்பினான். வேகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மற்றவர்கள் போகிற வேகம்தான். ஒன்பதாவது வளைவிலும் நிற்கவில்லை. பின்னால் வாத்தியக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம்.

பத்தாவது வளைவுக்கு முன்னால் பிரேக் விழுந்தது. கேக்கின் மேலடுக்கு கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னால ஆகலக்கா," என்றான். "ஈஸ்டர் ஆனா ஆகட்டும்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாக்சிமோ பழக்க தோஷத்தில் எழுந்து நின்று மூன்று தடவை ஊதிவிட்டார். சத்தம் எதிர் மலைக்குப் போய்த் திரும்பி வந்து அடங்கியது. நான் எண்ணவில்லை. அவன் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. பத்து எண்ணியிருப்பான், வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ரொம்பப் பக்கத்திலிருந்து, சளி பிடித்த மாதிரி ஒரு சின்ன ஹாரன் மூன்று தடவை அடித்தது.

வளைவுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அது, நடுவில் இருபது அடிகூட இருக்காது. நிற்காமல் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம். மலையோரம் ஒட்டியபடி, மெதுவாக, ஒரு ஜீப்பின் மூக்கு பனிக்குள்ளிருந்து வெளியே வந்து நின்றது. சாமியாரின் ஜீப்.

கஸ்பார் சாமியார் இறங்கி, தலையைத் துடைத்துக்கொண்டு, உலகம் முடிகிற கடைசி நாளின் எக்காளம்தான் கேட்கிறது என்று நினைத்துப் பாவமன்னிப்பு மந்திரத்தில் பாதி சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஜீப்பின் மறுபக்கக் கதவு திறந்தது. லெயோகாதியா இறங்கினாள். கிரீம் நிறப் பாவாடை, தொப்பி, தோளில் குஞ்சம் வைத்த வெள்ளைச் சால்வை. கல்யாணக் கோலத்தில் சேற்றில் கால் வைத்து நேராக இலாரியோனின் ஜன்னலுக்கு வந்தாள். மாப்பிள்ளை வரவில்லையே என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"பன்னெண்டாகியும் நீங்க வரல, சாமியைக் கூட்டிக்கிட்டு ஏறி வந்தேன். கீழேருந்து கேட்டுக்கிட்டேதான் வந்தேன்," என்றாள் அவனிடம். "எல்லா வளைவுலயும் சாமியை வண்டியை அணைக்கச் சொல்லிக் கேட்டேன். மேல ஒவ்வொரு வளைவுலயும் ஊதினீங்க. நீங்கதான்னு எனக்குத் தெரிஞ்சுது. ஏழு கேட்டுது. அப்புறம் ரெண்டு வளைவுல சத்தமே வரல."

அவன் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"அது வரலேன்னதும் நான் மறுபடியும் விதவையாயிட்டேன்னு நெனச்சேன்," என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இலாரியோன் கதவைத் திறந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சேறு இருந்தது, வண்டி கோளாறு, தூபாவில் தண்ணீர் என்று ஆயிரம் பொய் இருக்கிறது உலகத்தில். அவன் அதில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

"ரெண்டு வளைவுலயும் நான் நிக்கல," என்றான். "அவசரப்பட்டுட்டேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பனி அவள் தொப்பி விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவசரப்பட்டாலும் அன்னிக்கோட சரி என்று அவள் என்னிடம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சிரித்தபடி கொண்டுபோய்ச் சொன்னவளும் நான், மீற வைத்தவளும் நான். கேக்கைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன். நான்தான் விரட்டினேன், பயந்தாங்கொள்ளி என்று சொன்னேன், அவன் மேல் தப்பில்லை என்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"நீங்க சொல்லுவீங்க அக்கா," என்றாள் லெயோகாதியா. "ஸ்டீரிங் உங்க கையிலயா இருந்துது?"

சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். பாதை வழக்கப்படி ஏறுகிற வண்டிக்குத்தான் உரிமை, லாரி பின்னால் போக வேண்டும், அகலமான இடம் எங்கே என்று மெதுவாகக் கேட்டார். எட்டாவது வளைவுக்கு மேலே இருந்தது. அதாவது ஒன்பதாவது வளைவையும் எட்டாவது வளைவையும் லாரி பின்புறமாகவே ஏறிக் கடக்க வேண்டும்.

லெயோகாதியா தோளிலிருந்த சால்வையை எடுத்து உதறினாள்.

"வண்டில ஏறுங்க," என்றாள் அவனிடம். "பின்னால நான் நடக்கறேன். சால்வையைத் தூக்கிப் பிடிச்சா வரணும், இறக்கினா நிக்கணும். அந்த ரெண்டு வளைவுலயும் ஊதிட்டுத்தான் போகணும்."

நாங்கள் எல்லாரும் இறங்கி நடந்தோம். லாரிக்குப் பின்னால் விளிம்போரமாக அவள் போனாள். இலாரியோன் இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே வந்து, சக்கரத்தை ஒரு பார்வை, சால்வையை ஒரு பார்வை என்று அங்குலம் அங்குலமாக ஏற்றினான். பனியில் அவள் தெரியவில்லை, அந்த வெள்ளைத் துணி மட்டும் மேலும் கீழும் போனது. ஒன்பதாவது வளைவில் சால்வை இறங்கியது. எஞ்சின் அணைந்தது. மாக்சிமோ பாதையில் நின்று மூன்று தடவை ஊதினார். முப்பது வரை அவன் எண்ணினான், இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்கும்படி. எட்டாவது வளைவிலும் அப்படியே. அங்கே மேலேயிருந்து பதில் ஹாரன் வந்தது. வாழைத்தார் ஏற்றப் போகிற காலி லாரி ஒன்று, நாங்கள் ஒதுங்கும் வரை அங்கேயே நிற்பதாகக் கத்தினான் அதன் ஓட்டுநர். அவனிடம் ஹாரன் இருந்தது, எங்களிடம் தூபா இருந்தது. ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்டது. இவ்வளவுதான் விஷயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தும் புரியவில்லை.

அகலமான இடத்தில் லாரி ஒதுங்கியதும் அவள் சால்வையைப் பிழிந்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். அவன் இறங்கி வந்து அவள் எதிரே நின்றான். கேட்கவேண்டியதை அவன் கேட்கமாட்டான், ஈஸ்டர் வரை அப்படியே நிற்பான் என்று எனக்குத் தெரியும். என் வாய் துடித்தது. கடித்துக்கொண்டேன்.

லெயோகாதியாதான் சாமியார் பக்கம் திரும்பினாள். "இங்கயே முடிச்சுடுங்க சாமி. இன்னிக்கு இவரை நான் மறுபடி இந்தப் பாதைல நேரத்துக்கு வந்து சேரணும்னு ஓட்ட விடமாட்டேன்."

கல்யாணம் கோயிலுக்குள்தான் நடக்க வேண்டும், பிஷப் கேட்டால் என்ன சொல்வது என்று சாமியார் கொஞ்சம் இழுத்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை. இந்தப் பனியில் பிஷப்புக்கு எதுவும் தெரியப் போவதில்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்தார். மோதிரம் என் இடுப்புப் பையில் இருந்தது. வாழைத்தார் லாரிக்காரனும் அவன் வண்டியில் வந்தவர்களும் இறங்கி வந்து சாட்சி நின்றார்கள். சேறும் ஈரமுமாக ஏழு பேர் வாசித்தார்கள். மாக்சிமோவுக்கு மட்டும் ஊத மூச்சு மிச்சமில்லை. கேக்கில் இரண்டு அடுக்கு தேறியது, ஆளுக்கு ஒரு விரல் அகலம் வந்தது.

எல்லாம் முடிந்ததும் ஞானத்தாய் புத்தி சொல்ல வேண்டும். முறை அது. மணமக்கள் முழங்காலிட்டார்கள், சுற்றி நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நான் இதற்காக ஒரு மாதமாகத் தயார் செய்திருந்தேன். புருஷன் எப்படி இருக்க வேண்டும், பெண்டாட்டி எப்படி இருக்க வேண்டும் என்று அரை மணி நேரத்துக்குப் பேச்சு இருந்தது என்னிடம். இருவர் தலையிலும் கை வைத்தேன். தயார் செய்ததில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. அவன் முடியில் பனி நீர் கோத்திருந்தது. இந்தத் தலையை இன்றைக்கு நான் பள்ளத்தில் தள்ளப் பார்த்தேனே என்றுதான் நினைப்பு வந்தது.

"இலாரியோன், ஞானத்தாயா ஒரே ஒரு புத்தி சொல்றேன்," என்றேன். "வண்டி ஓட்டும்போது யார் என்ன சொன்னாலும் கேக்காதே. முக்கியமா நான் சொன்னா கேக்காதே."

முதலில் சாமியார் சிரித்தார். அப்புறம் எல்லாரும். லெயோகாதியா முழங்காலிட்டபடியே சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது, என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. நானும் அழுதேன். இலாரியோன் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேர் முதுகிலும் தட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் பதினாலு வருடம் அவன் வண்டியில் போனேன். சந்தைக்கு நேரமாகிறது, ஆரஞ்சு அழுகுகிறது என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். ஞானத்தாய் சொன்ன புத்தியை அவன் ஒரு தடவைகூட மீறவில்லை.